இருபத்திரண்டு சுற்று

பகல் முழுக்க என் வாய் கடைக்குச் சொந்தம்.
தெயின்ஜி சந்தை, மூன்றாம் வரிசை,
தமெய்ன் துணிக்கு விலை சொல்லும் வாய்.
பர்மியத்தில் சிரித்து
இந்தியில் குறைத்து
தமிழில் "உங்களுக்காகத்தான்" என்று
ஆளுக்காள் அதே பொய்.
அங்கே எனக்கு மா சூசூ என்று பெயர்.
ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சொல்லி
இப்போது கூப்பிடுவது தம்பி மட்டும்,
அதுவும் பினாங்கிலிருந்து, மாதக் கடைசியில்.

ஐந்தரைக்கு ஷட்டர்.
"இன்றைக்காவது பகோடாவுக்கு வாயேன்,
தனியாக என்னதான் செய்வாய்?" என்கிறாள் தின்தின்.
வேலை இருக்கிறது என்கிறேன்.
பொய் இல்லை.

எழுபத்தெட்டுப் படி. லிஃப்ட் கிடையாது.
மூன்றாம் மாடி வரை மா சூசூதான்:
அரிசிக்காரருக்கு ஒரு தலையசைப்பு,
வாசலில் பல் விழுந்த சிறுமிக்கு
"எங்கே காட்டு."
நான்காம் மாடியில் பல்பு இல்லை.
அங்கே வைத்துத்தான் முகத்தைத் தளர்த்துவேன்.

கதவு. தாழ்ப்பாள்.
செருப்பு சுவரைப் பார்த்து.
காலையில் அரைத்துப் பூசிய தனகா
கோடைக் குளத்து மண்ணாய் வெடித்திருக்கும்.
மூன்று குவளைத் தண்ணீரில் போய்விடும்.
நான்காவது அழுக்குக்கு அல்ல.

பிறகு கயிறு.

ரங்கூனில் எங்கள் தெருவில்
பால்கனிக்கு ஒரு கயிறு தொங்கும்.
கீழ்முனையில் கிளிப், மேல்முனையில் மணி.
தெருவில் நின்று இழுத்தால்
ஆறாம் மாடியில் நான் எழுந்து வர வேண்டும்.
கரண்ட் பில், மொஹிங்கா பொட்டலம்,
யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை,
உலகம் அந்த வழியாகத்தான் ஏறி வருகிறது.
ஏழு மணிக்கு அதை மேலே இழுத்துவிடுவேன்.
உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே
இருபத்திரண்டு சுற்று.
ஒன்பதில் சந்தைச் சத்தம் போகும்.
பதினான்கில் முதலாளி.
பதினெட்டில்,
மதியம் நான் சொல்லியிருக்கக்கூடாத அந்த ஒரு சொல்.
கிளிப் கைக்கு வரும்போது
வீட்டுக்கு விளிம்பு வந்துவிடும்.

அரை ஆழாக்கு அரிசி, விரல் கணுவுக்குத் தண்ணீர்.
சட்டியிலிருந்தே சாப்பாடு.
கசப்பான வெறும் தேநீர், பால் இல்லை, பேச்சு இல்லை.
நாற்காலி தெருவைப் பார்த்துக் கிடையாது.
சுவரில் ஒரு பல்லி இருக்கிறது.
எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று
நான் கேட்பதில்லை,
அதுவும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

எதிர்க் கட்டடத்திலும் ஒருவர்
ஏழு மணிக்குக் கயிறு சுற்றுகிறார்.
பச்சைக் கட்டம் போட்ட லோஞ்சி, சோடாபுட்டிக் கண்ணாடி.
நடுவே காக்கைகள் அடைந்த மின்கம்பிகள்.
எட்டு வருடமாக நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை,
மிகுந்த கவனத்துடன்.

நேற்று ஏழாகியும் அவர் கயிறு தொங்கியது.
ஏழே கால்.
கீழிருந்து யாரோ இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.
என் கயிற்றைப் பாதியில் பிடித்தபடி நின்றேன்.
சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.
உள்ளே போகவில்லை.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
இடது காலில் கட்டுடன் வந்தார்.
கம்பியில் சாய்ந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தார்.
அவருக்கும் இருபத்திரண்டுதானா,
முதல் முறையாக எண்ணினேன்.
பதினொன்றில் கரண்ட் போனது.

தெரு முழுக்க ஒரு "ஓ."
அது அடங்கியதும்
எதிர்ப்பக்க இருட்டில் அவர் மணி
கம்பியில் இடித்து ஒரு தரம் சிணுங்கியது.

என் மணியின் நாக்கை
இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு
மீதிக் கயிற்றைச் சுற்றினேன்.